முப்பத்தஞ்சு போட்டுரட்டுங்களாண்ணா?

முதலிபாளையம் சிட்கோவில் 180 ஜிஎஸ்எம் துணி 165 ஆக வந்துவிட்டால், வட்டமாக வெட்டித் தராசில் வைத்து, காம்பாக்டிங்காரரைக் கூப்பிட்டு முதலாளி சண்டை போடுவார். அதே முதலாளி சொந்தக் கார் டயரை அளப்பது செருப்புக் காலால் ஓர் உதை விட்டு. பஞ்சர் கடைத் தம்பி “முப்பத்தஞ்சு போட்டுரட்டுங்களாண்ணா?” என்றால், “போடு சாமி.”

டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர்: ஆள் குறைவென்றால் இவ்வளவு காற்று, குடும்பமும் மூட்டையும் ஏறினால் இவ்வளவு. வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கையில் பார்க்க வேண்டிய கணக்கு. நம்மவர் வெயிலில் பல்லடம் போய்த் திரும்பி, சூட்டில் ஏறிய காற்றை அளந்து, “கூடயிருக்குதே!” என்று இறக்கிவிட்டு வருவார்.

ஸ்டெப்னியா? பனியன் பண்டலுக்கு அடியில் இருக்கிறது. கடைசியாகக் காற்றடித்தது ஷோரூம்காரர்.