துய்ப்ளெக்ஸ் வீட்டு வாசல்

கேள்வி: டூமாவின் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ படித்து முடித்தேன். பிரெஞ்சுக்காரர்களின் அந்தக்கால வாழ்க்கையைச் சொல்லும் சரித்திர நாவல் தமிழில் உண்டா?
- ஒரு வாசகி, மாங்காடு

பதில்: உண்டு. பாரிஸுக்குக் கப்பல் ஏற வேண்டாம், புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால் போதும்! பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ முதலில் படியுங்கள், அடுத்து ‘வானம் வசப்படும்’. இரண்டாவது நாவலுக்கு 1995-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

இரண்டுக்கும் ஆதாரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிள்ளை உங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத பெரம்பூரில் 1709-இல் பிறந்தவர். பிறகு புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனார். 1736-இல் தொடங்கி, கப்பல் வந்தது, சரக்கு விலை, ஊர் வம்பு, கவர்னரின் கோபம் என்று கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதி வைத்தார். 1748-இல் துய்ப்ளெக்ஸின் ஆட்சியில் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதிய பக்கங்களைப் படித்தால் நெஞ்சு கனக்கும். அந்தக் கவர்னரிடமே மறுநாளும் வேலைக்குப் போக வேண்டிய மனிதர் அவர்.

வாளைச் சுழற்றும் இளவரசர்களை நம் சரித்திர நாவல்களில் நிறையப் பார்த்துவிட்டோம். பிரபஞ்சன் தாசிகளையும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஏழைகளையும் பேச வைத்தார். என்னைக் கேட்டால், டூமாவைவிட எனக்கு நெருக்கமானவர் அவர்தான்.

படித்த கையோடு புதுச்சேரியில் பிள்ளையின் வீட்டையும் பாருங்கள். கீழே நம்மூர் மரத்தூண்கள், மாடியில் ஐரோப்பியத் தூண்கள்!