மிதித்தால் நிற்குமா?

போன இதழில் லோட்டஸ் கம்பெனியின் பழைய செவன் கார் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகளில் பாதி பிரேக்கைப் பற்றி. வேகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நல்ல அறிகுறி.

கே: 1965-ஆம் வருஷத்து செவன் ஒன்று வாங்கியிருக்கிறேன். நாலு சக்கரத்திலும் டிரம். டிஸ்க்குக்கு மாற்றலாமா? (எஸ்.வி., குரோய்டன்)

முன்னால் மட்டும் மாற்றுங்கள். லோட்டஸே 1962-இல் சூப்பர் செவன் 1500-க்கு அதைத்தான் செய்தது: முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். உங்கள் வண்டியின் முன்பக்கச் சாமான்கள் டிரையம்ஃப் ஹெரால்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்பிட்ஃபயரின் டிஸ்க்கும் காலிபரும் ஒன்றுவிட்ட தம்பி முறை.

ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா? வீல் சிலிண்டர் கசிகிறதா? ஷூவை அட்ஜஸ்ட் செய்து எத்தனை வருஷம் ஆயிற்று? அரை டன்கூடத் தேறாத வண்டி இது. ஒழுங்கான டிரம்மே கடைத்தெருவுக்குப் போய்வரப் போதும். நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால்தான் டிரம் சூடேறிக் கைவிடும். டிஸ்க்கின் அருமை அங்கேதான் தெரியும்.

கே: செவனை முழுக் காராகவே விற்காமல், உதிரிகளாகப் பெட்டி பெட்டியாக லோட்டஸ்காரர்கள் ஏன் விற்றார்கள்? (ஆர்.எம்., ஹாரோ)

எல்லாம் வரி செய்த வேலை. அன்றைய பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிக் குவியலுக்குக் கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது கார் ஆகிவிடும் என்று விதி. அதனால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. 1973-இல் வாட் வரி வந்தது, சலுகை போயிற்று. அதே வருஷம் லோட்டஸும் செவனை கேட்டரம் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டது.

கே: டிஸ்க் போட்டாயிற்று. பெடல் கருங்கல் மாதிரி இருக்கிறது. பழைய டிரம்மே தேவலை போல. ஏமாந்துவிட்டேனா? (கே.டி., லெஸ்டர்)

யாரும் ஏமாற்றவில்லை. பழைய டிரம் இத்தனை நாள் உங்களுக்குத் தெரியாமல் உதவி செய்துகொண்டிருந்தது. டிரம் சுழலும்போது முன் ஷூவைத் தன்னோடு இழுத்து, தானாகவே இறுக்கிக்கொள்ளும். நீங்கள் மிதித்தது பாதி, அது பிடித்தது பாதி. டிஸ்க்குக்கு அந்தத் தாராளம் கிடையாது. கால் கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொள்ளும். இன்றைய கார்களில் அந்தக் குறையைச் சர்வோ நிரப்புகிறது. செவனில் அது ஏது?

பார்க்கவேண்டியது மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவு. 0.75 அங்குலத் துளையை 0.625 ஆக்கினால், அதே கால் பலத்துக்குச் சுமார் 44 சதவீதம் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். கேட்க இனிப்பாக இருக்கிறதா? அதே அளவு எண்ணெயைத் தள்ளப் பெடலும் 44 சதவீதம் கூடுதலாக உள்ளே போகவேண்டும். கஞ்சத்தனமாகச் சின்னத் துளை போட்டுவிட்டு, பெடல் தரையைத் தொடுகிறது என்று அடுத்த மாதம் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். பந்தய பேட் வாங்கினீர்களா? அது சூடானால்தான் பிடிக்கும். லெஸ்டர் ஜனவரியில் முதல் சிக்னலில் அது தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்து, டிரம்முக்காக வைத்த அழுத்தம் காக்கும் வால்வு முன் லைனில் இன்னும் இருந்தால், பேட் டிஸ்க்கை விடாமல் உரசும். கொஞ்சதூரம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, முன் சக்கரத்தின் பக்கம் புறங்கையைக் கொண்டுபோங்கள். அனல் அடித்தால் குற்றவாளி அதுதான்.

கே: பின்னாலும் பெரிய டிஸ்க் போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்புதானே? (ஜே., பர்மிங்காம்)

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்களா? டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டால் மொத்தக் கூட்டமும் முன்னால் சாயும். கார் எடையும் அப்படித்தான். பின் சக்கரம் கிட்டத்தட்ட அந்தரத்தில். அங்கே பலமாகப் பிடித்தால் அது முதலில் பூட்டிக்கொள்ளும், வால் தலையை முந்தும். பிரிட்டனில் புதிதாகக் கட்டிய கிட் காரைப் பதிவுக்கு முன் சோதிக்கும்போது, பின் சக்கரம் முதலில் பூட்டுகிறதா என்றும் பார்க்கிறார்கள். உங்கள் காசு மிச்சம்.

கே: பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். அளவு குறையவே இல்லையே? (பெயர் வேண்டாம் என்கிறார்)

குறையாது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155தான். கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பஞ்சு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயிண்டில் சிந்தாமல். என் வண்டியின் இடது மட்கார்டில் ஒரு ரூபாய் அளவுக்கு வழுக்கை விழுந்த இடம் உண்டு. ஒரு சொட்டுதான், டீ குடித்துவிட்டுத் துடைக்கலாம் என்று போனேன்.

கே: பிரேக் லைனிலிருந்து தனி ஆளாக ஏர் எடுக்க முடியுமா? (எஸ்.வி., குரோய்டன், மறுபடியும்)

அதற்கும் கருவி விற்கிறார்கள். நான் மகளை உட்காரவைத்தேன். நான் காருக்கடியில், நிப்பிளில் குழாய், குழாயின் நுனி ஜாம் பாட்டிலில். "அழுத்தும்மா." "அழுத்திட்டேன்பா." நிப்பிளைத் திறந்தால் குமிழ் குமிழாக வரும். மூடும்வரை கால் எடுக்கக்கூடாது. மூன்றாவது சக்கரத்தில் அவள் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக் காலை எடுத்துவிட்டாள். சர்ரென்று காற்று உள்ளே. முதலிலிருந்து ஆரம்பித்தோம். சம்பளமாக ஒரு பீட்சா கேட்டாள். கொடுத்துவிட்டேன், அவள் கால்தானே என் பிரேக்.

கே: பழைய டிரம்முக்குள் இருக்கும் கரித்தூளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா? (பி.என்., ஸ்லௌ)

கூடவே கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருந்தது. நனைத்துத் துடைத்து, துணியோடு கட்டி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

கே: பிரேக் மாற்றியதை இன்ஷூரன்ஸ்காரருக்குச் சொல்லவேண்டுமா? (ஆர்.எம்., ஹாரோ)

இப்போதே சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவரே கண்டுபிடிப்பார்.

கே: எல்லாம் முடிந்தது. பட்டென்று நிற்கிறது. இனிக் கவலை இல்லையே? (கே.டி.யின் மனைவி, லெஸ்டர்)

வாங்கம்மா. பின்னால் நின்றுகொண்டு அவரை மிதிக்கச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு உடனே எரிகிறதா? பழைய வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கின் சுவிட்ச் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்வது. வயதானால் சோம்பேறி, அழுத்தி மிதித்தால்தான் எழுந்திருக்கும். பெடலிலேயே ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பட்டென்று நின்றுவிடுவார், சரி. பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது தெரியவேண்டாமா?