கலுங்கு இல்லாத கண்மாய்: பரளச்சியிலிருந்து பாங்காங் ஏரிக்குத் திட்டமிடல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தண்ணீர் பார்க்க ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போகலாம்? பரளச்சி வட்டாரம் இதற்கு நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை: குடத்தோடு போகக்கூடிய தூரம். குடம் இல்லாமல், செல்போனோடு, லடாக் வரை போகலாம் என்பது புதிய கொள்கை. 2009இல் வந்த ‘த்ரீ இடியட்ஸ்’ இந்திப் படத்தின் கடைசிக் காட்சி லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் எடுக்கப்பட்டதும் இக்கொள்கை நாடெங்கும் பரவியது. எங்கள் நால்வரின் டீக்கடை பெஞ்சுக்கும் வந்து சேர்ந்தது.

2. பொருள் வரையறை

பாங்காங்கை ‘பாங்காங் சோ’ என்பார்கள்; திபெத்திய மொழியில் ‘சோ’ என்றால் ஏரி. தமிழில் ‘சோ’வென்று பெய்வது மழை. லே நகரில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 100 மி.மீ.; எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 800 மி.மீ. எனவே எங்களை ‘வறண்ட பூமி’ என்போர் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

திணை வகுப்பதில்தான் பெரும் சிக்கல். ஏரிப்பகுதி மலை என்பதால் குறிஞ்சி, பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் இருப்பதால் முல்லை, மழையற்றதால் பாலை, நீர் உப்பு என்பதால் நெய்தல். மருதம் மட்டும் கரையோரம் கொஞ்சம் பார்லியோடு நின்றுவிடுகிறது. ஒரே இடத்தில் நாலேகால் திணை இருப்பதைத் தொல்காப்பியர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

3. ஆய்வு முறை

அருப்புக்கோட்டைக்குப் பஸ், மதுரைக்கு இன்னொரு பஸ், டெல்லிக்கு ரயில், லேவுக்கு விமானம், அங்கிருந்து சாங் லா கணவாய் ஏறி இறங்கினால் சுமார் ஐந்து மணி நேரத்தில் ஏரி. மே முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். மற்ற மாநிலத்து ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது என்று தெரிந்தபோது திட்டக் குழுவில் முதல் விரிசல் விழுந்தது. நால்வரிடமும் ப்ரீபெய்டுதான்.

மூச்சு அடுத்த சிக்கல். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இராது. பாங்காங் சுமார் 4,250 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், இங்கே கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். ஆகவே 3,500 மீட்டரில் உள்ள லேயில் முதல் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இதில் எங்களுக்குப் பயிற்சி தேவையில்லை; வேப்பமரத்தடி போதிய அளவு கொடுத்திருக்கிறது. சும்மா இருத்தலை உலகுக்கே சொன்ன ரமணர் 1879இல் பக்கத்துத் திருச்சுழியில் பிறந்தவர். 1896இல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த பிறகு அவர் வேறெந்த மலைக்கும் திட்டமிடவில்லை என்பதையும் ஆய்வாளர் கவனிக்க வேண்டும்.

4. மறுப்புரை

திட்டம் முழுமை பெற்ற மாலையில், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டது: “அந்தத் தண்ணியக் குடிக்கலாமாடா?”

“உப்பு, அப்பத்தா.”

“அம்புட்டுத் தண்ணியும் உப்பா? அது நம்ம போர்லயே வருதே. அதுக்கா இம்புட்டு ரூவா?”

குழு பதிலுக்கு அறிவியலை நாடியது. ஓடிவரும் நீர் மலையிலிருந்து உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். ஏரியிலிருந்து வெளியேற வழியில்லை. வெயிலில் நீர் போகும், உப்பு தங்கும். 134 கி.மீ. நீள ஏரிக்கும் ஒரு காலத்தில் ஷியோக் ஆற்றுக்கு வடிய வழி இருந்தது. இயற்கையே அதை அடைத்துவிட்டது.

அப்பத்தா இதை ஒரே வரியில் சுருக்கியது: “கலுங்கு இல்லாத கம்மாயின்னு சொல்லு.”

5. முடிவுகள்

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. போக்கு அடைபட்டால் உப்பு. வரத்து அடைபட்டால் வறட்சி. முதலாவதை லடாக்கில் காணலாம், செலவு அதிகம். இரண்டாவதைக் காண, சீமைக்கருவேலம் மண்டிய எந்த வரத்துக்காலுக்கும் சைக்கிளில் போகலாம். நம் முன்னோர் கண்மாய் வெட்டும்போதே கலுங்கும் வைத்தார்கள். நிறைந்தது மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போனது. நீலமாகத் தேங்கிப் புகைப்படத்தில் விழும் வாய்ப்பை அதனால் எங்கள் கண்மாய்கள் இழந்துவிட்டன.

6. பரிந்துரை

பயணம் அடுத்த ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. இடையில் ஐப்பசி மழை வரும். கண்மாய் பெருகினால் உப்புத் தண்ணீர் பார்க்கப் போக மனமிருக்காது. பெருகாவிட்டால் பணமிருக்காது. ஆகவே திட்டமிடல் தொடரும்.