புகைய உட்டா புல்லிங் வந்துருமா?

வா மாப்ளே, உக்காரு. பட்டறைக்காரரு மைக்கோ டீசல் பம்பத் திருகி உட்டாராமா? தொப்பூர் மேட்டுல உன்ர லாரி ஏறுறதப் பாத்து, மழை கட்டுதுன்னு தருமபுரிப் பக்கம் காயப்போட்ட துணிய எடுத்துட்டாங்களாம்!

ஏஞ்சாமி, ஒரு கிலோ டீசல் முழுசா எரியறதுக்கே சுமாரா 14.5 கிலோ காத்து வேணும். புகையாம எரியோணும்னா அதுக்கும் மேல. உன்ரது டர்போ இல்லாத பழைய டாட்டா 697. ஆறு சிலிண்டரு, 5,675 சிசி, அதுவா இழுக்கற காத்துதான் அதுக்குக் கஞ்சி. காத்து அதேதான், டீசல மட்டும் ஊத்துனா மிச்சம் சைலன்சர் வழியா ஊரச் சுத்தப் போயிரும். பங்க்குக்காரரு உன்னய மறக்கவே மாட்டாரு போ.

அடுத்தது டர்போவா? பேஷா மாட்டு! டர்போவோட பொறந்த எஞ்சினுக்கு பிஸ்டனே வேற. கம்ப்ரஷனக் கொறச்சு வெச்சிருப்பாங்க. பிஸ்டன் அடியில எண்ணெயப் பீச்சிக் குளுர வெக்கறதும் உண்டு. உன்ரதுல அந்தச் சீதனமெல்லாம் ஏது? மொதல்ல ஹெட் கேஸ்கட்டு போவும். அது தப்பிச்சா பிஸ்டன், அதுவும் தப்பிச்சா கிளட்ச், கிரௌன் பினியன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒவ்வொண்ணுலயும் உனக்கு டீ சொல்லி உபசரிப்பாங்க. எஃப்சிக்குப் போறப்ப, ஆர்.சி.ல எழுதுனதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்கற 52-ஆம் பிரிவப் பத்திப் பேச்சு வந்தா, இதே மாதிரி மீசைய முறுக்கிப் பதில் சொல்லு.

நாஞ் சொன்னா நீ கேக்கவா போற? இருந்தாலுஞ் சொல்றேன். பம்ப கேலிப்ரேஷனுக்குக் குடுத்து கம்பெனி அளவுக்கே வெக்கச் சொல்லு. ஆறு நாசிலையும் கழட்டி டெஸ்ட் பண்ணு. ஒண்ணு ஒழுகுனாலும் புகைதான். டைமிங் பாரு. டாப்பட் கேப்பு எப்பப் பாத்ததுன்னு உன்ர டிரைவருக்கே தெரியாது. ஏர் பில்டரத் தட்டுனா வர்ற செம்மண்ணுல ஒரு பாத்தி கடலை போடலாம். இத்தனைக்கும் அப்பறம் இழுக்கலீன்னா கம்ப்ரஷன் பாத்து ரிங்கு, லைனர் மாத்து. காணாமப்போன பவரத் தேடாம புதுசு வாங்கப் பொறப்பட்டுட்ட.

ஆமா, ஏத்தத்துக்கே இத்தன ஜோடனையே, லோடோட சேலம் பாத்து எறங்கறப்ப என்ன பண்ணுவ? பிரேக் லைனிங் எப்ப மாத்துன? என்ன, மேல பாக்கற? அதுக்கு மட்டும் காசு இல்லையாக்கும்.