ஸ்விஃப்டுக்கு விசா இல்லை

மெல்பர்ன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நிரந்தர விசா கிடைத்த சந்தோஷத்தில் நீ எழுதிய கடிதத்தில் வேலையைப் பற்றி இரண்டு வரி, வீட்டைப் பற்றி ஒரு வரி, மீதியெல்லாம் உன் ஸ்விஃப்ட் காரைப் பற்றி. அதைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாட்டிலும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், ஸ்டீயரிங் வலப்பக்கம்தான், சுசுகி இங்கேயும் விற்கிறது, அங்கே விற்கப்போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்று பத்துப் பொருத்தமும் பார்த்து அனுப்பியிருக்கிறாய். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்றுவிடு. கப்பல் கூலிக்குப் பயந்து சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் கூலி சின்னச் செலவு. கார் என்று நாம் சொல்வதில் இரும்பும் ரப்பரும் பாதிகூடத் தேறாது. மீதி, அது ஓடுகிற ஊரில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டிலும், மெக்கானிக்கின் கைப்பழக்கத்திலும், சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும், பழைய கார் வாங்க வருகிறவனின் நம்பிக்கையிலும் இருக்கிறது. கப்பலில் ஏறுவது இரும்பு மட்டும். மற்றதையெல்லாம் இங்கே வந்து காசு கொடுத்துப் புதிதாக உண்டாக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு காருக்காக.

முதலில் அனுமதி. உனக்கு விசா கொடுத்த அரசாங்கம் உன் காருக்குத் தனியாக நேர்முகத் தேர்வு வைத்திருக்கிறது. 2018-ல் இயற்றி 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாலை வாகனத் தரச் சட்டப்படி, இறக்குமதி ஒப்புதலைக் கையில் வாங்கிய பிறகுதான் காரைக் கப்பலேற்ற வேண்டும். ஒப்புதல் இல்லாமல் வந்து இறங்கினால் திருப்பி அனுப்பு, அல்லது நொறுக்கு என்பார்கள். முடிவு வரும்வரை துறைமுகக் கிடங்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். குடியேறுகிறவர்களுக்கென்று தனிநபர் இறக்குமதி வழி ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. காரை வெளிநாட்டில் தொடர்ந்து 12 மாதமாவது வைத்து ஓட்டியிருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். உன்னிடம் இருக்கும். ஆனால் அது நாட்டுக்குள் நுழைய மட்டும். சாலையில் இறக்க விக்டோரியா மாநிலப் பதிவு வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற பொறியாளர் ஒருவர் காரைச் சுற்றிவந்து பார்த்துச் சான்று தர வேண்டும். பின் சீட்டில் குழந்தை இருக்கையின் மேல்பட்டியை மாட்டும் கொக்கி எங்கே என்பார். இல்லையென்றால் வைத்துக்கொண்டு வா என்பார். பெயரும் முகமும் ஒன்றாக இருந்தாலும் உன் ஸ்விஃப்டும் இங்கே விற்கிற ஸ்விஃப்டும் வேறு வேறு சட்டங்களுக்காகச் செய்யப்பட்டவை. சறுக்கலைத் தானே திருத்தும் மின்னணுக் கட்டுப்பாடு இல்லாமல் 2013 நவம்பருக்குப் பிறகு இங்கே புதிய பயணியர் கார் விற்க முடியாது. நம் ஊரில் அது நெடுங்காலம் விலையுயர்ந்த மாடல்களின் அலங்காரமாகவே இருந்தது.

'இங்கே ஓடுவதெல்லாம் வெளிநாட்டுக் கார்தானே, என் காரிடம் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?' என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. 2017 அக்டோபரில் அடிலெய்டு பக்கத்து ஹோல்டன் தொழிற்சாலை மூடியதோடு ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பே நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த புதுக் கார்கள் எல்லாம் கப்பலில் வந்தவைதான். இந்தியக் காரென்று யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. ஐந்து கதவு ஜிம்னி குருகிராமிலிருந்து வருகிறது. நம் ஸ்ரீபெரும்புதூரில் செய்த ஹூண்டாய் ஐ20 பல வருஷம் இங்கே விற்றது. ஆனால் அந்தக் கம்பெனிகள் ஒரு மாடலுக்குச் சோதனையும் சான்றும் ஒரே தடவை முடித்துவிட்டு, அந்தச் செலவை ஆயிரக்கணக்கான கார்களின் தலையில் பகிர்ந்து கட்டுகின்றன. ஜப்பானிலிருந்து பழைய கார் இறக்கி விற்கிற வியாபாரிகளும் அனுமதிப் பட்டியலில் உள்ள மாடல்களை அங்கீகரித்த பட்டறையில் வைத்து, வரிசையாகத்தான் திருத்தி முடிக்கிறார்கள். நீ அதே வேலையை ஒரு காருக்குச் செய்யப்போகிறாய். மொத்த வியாபாரியின் செலவைச் சில்லறைக்காரன் சுமந்தால் என்ன ஆகும் என்று மளிகைக் கடை வைத்திருக்கும் உன் மாமனாரிடம் கேள்.

அடுத்தது தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள். ஆஸ்திரேலியர்கள் பாம்பு, சிலந்தி, முதலை மூன்றோடும் சகஜமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். வெளிநாட்டு வண்டு ஒன்று வந்துவிட்டால் மட்டும் நாடே நடுங்கும். நடுக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. தானியக் கிடங்குகளைப் பாழாக்கும் காப்ரா வண்டு நம் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. சாப்பாடே இல்லாமல் இடுக்கில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். கோதுமை ஏற்றுமதியை நம்பியிருக்கிற நாடு அதைக் கண்டால் அலறாமல் என்ன செய்யும்? இப்போது உன் காரை அவர்கள் கண்ணால் பார். சீட்டுக்கடியில் போன பொங்கலுக்குச் சிந்திய அரிசி. டிக்கியில் தேங்காய் நார். சக்கர வளைவுக்குள் தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரைக்கும் சேர்ந்த சேறு. பம்பரில் கறுப்புக் கயிற்றில் கட்டிய எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாவிலையில் மிச்சம் எப்படியும் கதவிடுக்கில் இருக்கும். நமக்கு திருஷ்டி கழிப்பது. அவர்களுக்கு ஒரே காரில் நாலைந்து சட்டமீறல். மண், விதை, இலை, பூச்சி எதுவும் இல்லாமல் அடிப்பாகம் வரை கழுவி வர வேண்டும். இல்லையென்றால் உன் செலவில் அவர்கள் கழுவுவார்கள், மணிக்கணக்குக்கு பில் போடுவார்கள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதே. 2018 பிப்ரவரியில் பக்கத்து நியூசிலாந்தில், நாற்றப்பூச்சி இருக்கிறது என்பதற்காக ஆயிரக்கணக்கான கார்களோடு வந்த கப்பல்களையே ஆக்லாந்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். முழுக் கப்பலுக்கே அந்த மரியாதை என்றால் ஒற்றை ஸ்விஃப்ட் எம்மாத்திரம்?

கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. கார் பத்திரமாகப் போய்விடும் என்று முகவர் சொல்வார், பெரும்பாலும் போய்விடும்தான். ஆனால் 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் கப்பலில் தீப்பிடித்து, அடுத்த மாதம் அது ஏறத்தாழ நாலாயிரம் கார்களோடு அட்லாண்டிக்கில் மூழ்கியது. மூழ்காவிட்டாலும் வம்பு உண்டு. கடல் வணிகத்தில் பொதுச்சேதம் என்றொரு பழைய வழக்கம் இருக்கிறது. ஆபத்திலிருந்து கப்பலைக் காப்பாற்ற ஆன செலவில், அதில் சரக்கு ஏற்றிய ஒவ்வொருவரும் தன் சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்கு கட்ட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் குறுக்கே நின்றதே, அதன் முதலாளி இதைத்தான் அறிவித்தார். உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு கைக்கு வரும். நீ ஓட்டாத கப்பலை, நீ பார்க்காத மாலுமி தரைதட்ட வைத்தால் நீயும் கட்ட வேண்டும். ஆகவே யாராவது எதையாவது கப்பலேற்றுவதாக இருந்தால், கடல் காப்பீடு இல்லாமல் ஏற்றவே கூடாது.

பணக் கணக்குக்கு வா. சுங்க வரி 5 சதவீதம்தான். 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்த இருநாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, இந்தியத் தயாரிப்பென்ற சான்றிதழும் வைத்தால் அதுவும் குறையக்கூடும். ஆனால் 10 சதவீத ஜி.எஸ்.டி. விடாது. அது காரின் மதிப்பின்மேல் மட்டும் விழுவதல்ல. கப்பல் கூலி, காப்பீடு, சுங்க வரி எல்லாவற்றையும் கூட்டி அதன்மேல் போடுவார்கள். காரின் மதிப்பு 10,000 டாலர், கூலியும் காப்பீடும் 3,000 என்று வைத்துக்கொள். சுங்க வரி 500, கூட்டினால் 13,500, ஜி.எஸ்.டி. 1,350. ஆக 4,850 டாலர் செலவழித்த பிறகும் கார் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது. கழுவும் கூலி, முகவர் கூலி, பொறியாளர் சான்று, கொக்கி, மாநிலப் பதிவு ஒன்றும் இதில் சேரவில்லை. அந்தப் பணத்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த பதிவோடும் சர்வீஸ் புத்தகத்தோடும் ஒரு பழைய கார் பாதி வாங்கிவிடலாம். ஸ்விஃப்டை விற்ற பணம் மீதிப் பாதிக்கு ஆகும். அடிமாட்டு விலை என்று நீ வருந்துகிற அந்த விலைதான் உன் காருக்கு உலகத்திலேயே கிடைக்கக்கூடிய அதிகபட்ச விலை. இங்கே அதை விற்கப்போனால், இந்திய மாடல், தனியாக இறக்கியது என்றதும் கேட்கிறவன் இரண்டடி பின்வாங்குவான். காப்பீட்டுக்காரர்களும் இப்படிப்பட்ட கார் என்றால் யோசிப்பார்கள். ஒரு விளக்கு உடைந்தால் இங்கேயுள்ள ஸ்விஃப்டின் விளக்கு பொருந்துமா என்று தெரிந்துகொள்ளவே பட்டறைக்காரர் ஒரு மணி நேரக் கூலி கேட்பார். நம் அண்ணாசாலை மெக்கானிக் காதை வைத்துக் கேட்டே கண்டுபிடிக்கிற நோயை, இங்கே கம்ப்யூட்டரைச் சொருகித் தேடுவார்கள்.

லண்டன் போன உன் நண்பன் வரியே இல்லாமல் கொண்டுபோனான் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். குடிபெயர்கிறவர்கள் ஆறு மாதம் வைத்திருந்த காருக்கு பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் வரிச்சலுகை தருகின்றன. ஆஸ்திரேலியாவில் குடிபெயர்வோர் சாமான்களுக்குச் சலுகை உண்டு; அதில் மோட்டார் வாகனம் சேராது. கனடா, 15 வருஷத்துக்கு உட்பட்ட கார் தன் நாட்டுக்கோ அமெரிக்காவுக்கோ செய்யப்பட்டதில்லை என்றால் குடியேறியின் காராக ஏற்காது. அமெரிக்காவில் அந்த வயது 25. சிங்கப்பூரில் காரை விடக் காரை வைத்துக்கொள்ளும் பத்தாண்டுச் சான்றிதழ்தான் விலை. 2023-ல் சின்னக் கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. வெள்ளைக்காரன் கெடுபிடி என்று திட்டாதே. நம் இந்தியாவும் மூன்று வருஷத்துக்கு மேல் பழைய வெளிநாட்டுக் காரை உள்ளே விடுவதில்லை. பழைய கார் இறங்க மும்பைத் துறைமுகத்தை மட்டுமே திறந்து வைத்திருக்கிறது.

கடைசி வாதம் பாசம். இதற்குக் கணக்கில் பதில் இல்லை என்பதால் மரியாதையோடு அணுகுகிறேன். உன் அப்பா வைத்திருந்த அம்பாசிடர் என்றால் என் பேச்சே வேறாக இருந்திருக்கும். 25 வயது கடந்த காருக்கு இங்கே தனி வழி உண்டு, வடிவமைப்பு விதிகளும் தளரும், ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கூட்டங்களில் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். ஆனால் அதற்கும் ஒரு பொறி இருக்கிறது. 2003 கடைசியிலிருந்து ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுத் தடை. பழைய கார்களின் பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், கேஸ்கெட் எதில் வேண்டுமானாலும் அது இருக்கலாம். கழற்றி மாற்றி, இல்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வயதால் தப்பித்த காரைப் பிரேக் பிடித்துவிடுகிறது. அத்தனைக்கும் தயாராக, காரைச் சொத்தாக நினைக்காமல் குடும்பத்து ஆளாக நினைக்கிறவர், கையில் தாராளமாகப் பணமும் இருப்பவர், கொண்டுவரட்டும். எட்டு வருஷத்து ஸ்விஃப்டுக்கு அந்தத் தகுதி இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அது நல்ல கார். நல்ல கார் என்பதால்தான் அங்கே அதை வாங்க ஆள் இருக்கிறது. இங்கே வந்தால் அதன் ஹார்னுக்கு வேலையே இல்லை. ஆபத்தை எச்சரிப்பதற்குத் தவிர வேறெதற்கும் ஹார்ன் அடிப்பது இங்கே குற்றம். அதோடு மெல்பர்ன் நடுவே, டிராமுக்கு வழிவிடுவதற்காக, வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது ஓரத்தில் போய் நிற்க வேண்டிய சந்திப்புகள் உண்டு. இந்தப் பாடத்தை இங்கேயுள்ள காரிலேயே படித்துக்கொள்.

காருக்குப் பதில் நீ கொண்டுவர வேண்டியவை தாளில் இருக்கின்றன. நோ கிளெய்ம் போனஸ் காரோடு போகாது, உன் பெயரில்தான் இருக்கும். விற்கும்போது காப்பீட்டுக் கம்பெனியில் அதற்குச் சான்று எழுதி வாங்கிக்கொள். ஓட்டுநர் உரிமத்தை மறக்காதே. நிரந்தர விசாக்காரர் அதைக் காட்டி இங்கே ஆறு மாதம் ஓட்டலாம், அதற்குள் விக்டோரியா உரிமத்துக்கு மாறிவிட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம்: பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்ததும் விற்பனை முடிந்ததாக நினைக்காதே. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்கு நஷ்டஈடு கட்டப் பொறுப்பென்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 29, 30 படிவங்களில் நீயே கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு விமானம் ஏறு.

அன்புடன்,
உன் அத்தான்