வீட்டுக் கணக்கில் இருந்த நாலடி

அப்பா 1979-ல் மேற்கு மாம்பலத்தில் வீடு கட்டியபோது எழுதிய கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. செங்கல் லோடு, ஆற்று மணல், கம்பி, ஆசாரி கூலி என்று வரிசையாகப் போகும். கடைசிப் பக்கத்தில், கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய வாழைத்தாருக்கு முன்னால் ஒரு வரி: ‘பிளாட்பாரம் சரி செய்ய – சிமெண்ட் ஒரு மூட்டை, கொத்தனார், சித்தாள் அரை நாள்.’

அந்த ஒரு மூட்டையின் மதிப்பு இன்று யாருக்கும் புரியாது. சிமெண்டுக்கு அப்போது பர்மிட் வாங்க வேண்டும். 1982-ல்தான் அந்தக் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது, முழுவதும் நீங்கியது 1989-ல். பர்மிட்டுக்காக அலுவலகத்துக்கு லீவு போட்டு அலைந்த மனிதர், பின்கட்டுச் சுவரின் வெளிப்பூச்சைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்த மூட்டையைத் தெருவுக்குக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் மணலும் ஜல்லியும் மாதக்கணக்கில் நடைபாதையில்தான் கிடந்தன. சாந்து குழைத்ததும் அங்கேதான். லாரி ஏறி சிமெண்ட் சிலாப்புகள் இரண்டாகப் பிளந்ததை நானே பார்த்தேன். ஆனால் வேலை முடிந்ததும் யாரைக் கேட்க வேண்டும் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கட்டுகிறவர் அப்பா, வேலை பார்க்கிறவர் அடுத்த தெருவில் குடியிருக்கும் மேஸ்திரி. இருவருமே தினம் அதே தெருவில் நடந்துதான் கடைக்குப் போக வேண்டும். “சிலாப்பைப் போட்டுட்டுத்தான் மேஸ்திரி சாரத்தைப் பிரிக்கணும்” என்று அப்பா சொன்னார். மேஸ்திரி அப்படியே செய்தார்.

அதே மனையில் இப்போது அடுக்குமாடி எழுந்திருக்கிறது. நாங்கள் இடத்தைக் கொடுத்தோம், புரொமோட்டர் கட்டினார், ஆளுக்குப் பாதி வீடுகள். ஒப்பந்தத்தில் சமையலறை மேடைக்கு எந்த கிரானைட், குழாய் எந்த கம்பெனி, சுவிட்ச் எந்த பிராண்ட் என்று பக்கம் பக்கமாக இருந்தது. காம்பவுண்டு சுவருக்கு வெளியே இருக்கும் நாலடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த நாலடியில் சில வருஷங்களுக்கு முன்தான் மாநகராட்சி பேவர் பிளாக் பதித்திருந்தது. நடைபாதைக்குப் போடுவது வழக்கமாக 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல். ஆள் நடக்க அது தாராளம். அதன் மேல் ரெடிமிக்ஸ் லாரி பின்பக்கமாக ஏறி நின்றது. ஆறு கன மீட்டர் கான்கிரீட் என்றால் கான்கிரீட்டின் எடை மட்டுமே பதினாலு டன்னுக்கு மேல், வண்டியின் எடை தனி. கல் சில இடத்தில் உடைந்தது, பல இடத்தில் உடையவில்லை. உடையாததுதான் ஆபத்து. கல்லுக்கு அடியில் இருக்கிற மணல் படுகை நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். ஓரக் கட்டைக் கல் வெளியே தள்ளிக்கொள்ளும். முதல் மழையில் மணல் கரைந்து போனதும், பார்வைக்கு முழுசாக இருக்கும் கல், கால் வைத்ததும் ஒரு பக்கம் சாயும். எதிர்வீட்டு மாமி வாக்கர் வைத்து நடப்பவர். அவருடைய வாக்கரின் முன்கால் அப்படி ஒரு கல்லில் இறங்கி நின்றுவிட்டது. நல்லவேளை, இஸ்திரி வண்டிக்காரர் ஓடி வந்து பிடித்தார். அன்றிலிருந்து மாமி எங்கள் வாசல் வந்ததும் தெருவில் இறங்கி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நடந்து, எங்கள் வாசல் தாண்டி மறுபடி ஏறினார். எனக்கு அது பொறுக்கவில்லை.

சைட் இன்ஜினியரிடம் கேட்டேன். “சார், அது கார்ப்பரேஷன் இடம். நாம கை வைக்கக்கூடாது” என்றார். லாரியை ஏற்றும்போது அது யார் இடம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. புரொமோட்டர் ரோடு கட்டுக்குப் பணம் கட்டிய ரசீதைக் காட்டினார். அது கழிவுநீர் இணைப்புக்காகத் தோண்டிய பள்ளத்தை மூடுவதற்கான பணம், லாரி நசுக்கியதற்கு அல்ல. காண்ட்ராக்டர் ரெடிமிக்ஸ்காரரைக் கை காட்டினார். அப்பா காலத்தில் இரண்டு பேரிடம் இருந்த பொறுப்பு இன்று ஐந்தாறு பேருக்குப் பங்கு போய், யார் கையிலும் மிஞ்சவில்லை. பணி நிறைவுச் சான்று தருகிறபோதும் செட்பேக், உயரம், கார் நிறுத்தும் இடம் எல்லாம் பார்க்கிறார்கள். அவர்கள் நின்று அளக்கிற இடத்தின் காலடியைப் பார்க்கும்படி யாரும் சொல்லி வைக்கவில்லை.

சட்டமும் கொள்கையும் இப்போதுதான் நிறைய இருக்கின்றன. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014-ல் சென்னை மாநகராட்சி ஏற்றது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி நெறி சொல்கிறது. 2025 மே மாதம், நடைபாதையில் தடையில்லாமல் நடப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அப்போது இவை இருக்கவும் இல்லை.

எல்லாச் சுமையையும் வீட்டுக்காரர் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. நியூயார்க்கில் 2003-ல் வந்த சட்டப்படி, கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் நடைபாதை பழுதாகி யாராவது விழுந்தால் கட்டட உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். உரிமையாளரே குடியிருக்கும் சிறிய வீடுகளுக்கு மட்டும் விலக்கு. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். மர வேர் தூக்கியதும் வடிகால் இடிந்ததும் மாநகராட்சியின் வேலை. என் வீட்டுக்குக் கான்கிரீட் கொண்டுவந்த லாரி நசுக்கியது என் வீட்டின் செலவு. கட்டட அனுமதி தரும்போதே நடைபாதையைப் படம் எடுத்து, ஒரு தொகையை முன்பணமாக வாங்கி வைத்துக்கொண்டு, பழையபடி போட்டுக் கொடுத்த பிறகு திருப்பித் தரலாம். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கத் தெரிந்த ஊருக்கு இது புரியாத ஏற்பாடு இல்லை.

எங்கள் குடியிருப்பில் எல்லாரும் பங்கு போட்டுச் செய்வதென்று முடிவானது. வார்டு இன்ஜினியரிடம் போய் அனுமதி கேட்டோம். “போடுங்க சார், ஆனா உங்க கேட்டுக்காக நடைபாதையைச் சரிக்காதீங்க” என்றார். நியாயமான பேச்சு. ஒவ்வொரு வாசலிலும் கார் ஏறச் சரிவு வெட்டி வெட்டித்தான் நம் நடைபாதைகள் மேடும் பள்ளமுமாக ஆகின்றன. நடக்கிறவர் சமமாகப் போக வேண்டும், ஏறி இறங்க வேண்டியது கார். கல்லையெல்லாம் பெயர்த்து, அடித்தளத்தைக் கெட்டித்து, புதிதாகக் கிரஷர் தூள் பரப்பி மட்டம் பார்த்தார்கள். கார் கடக்கும் இடத்தில் மட்டும் 80 மில்லிமீட்டர் கல். உள்பக்கச் சரிவைக் காம்பவுண்டுக்குள் தள்ளியதில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் போனது. அதற்கு இரண்டாம் மாடிக்காரர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

மூன்று வீடு தள்ளி இன்னொரு பழைய வீடு இடிக்கப் போகிறார்கள். வீட்டுக்காரர் அப்பாவின் சிநேகிதருடைய மகன். ஒப்பந்தத்தில் நடைபாதைக்கென்று ஒரு ஷரத்து சேர்க்கும்படி எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். படித்தார். “புரொமோட்டர் ஒத்துக்குவானாண்ணா?” என்று கேட்டார். குழாய் கம்பெனியை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்கிறான் அல்லவா, இதையும் கேள் என்றேன். வியாழக்கிழமை கையெழுத்து.