கரணை இல்லாத கட்டடம்

கே: நானோ அளவில் முப்பரிமாணப் பொருள் கட்டுகிறார்களாமே! அத்தனை சின்னக் கரணை எந்தக் கொத்தனாரிடம் இருக்கிறது?

ப: யாரிடமும் இல்லை. அங்கே பொருள் தன்னைத்தானே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு வாகான சரக்கு டி.என்.ஏ.

கே: அது பரம்பரையைச் சுமக்கிற மூலக்கூறாச்சே? அதை ஏன் கட்டட வேலைக்கு இழுக்கிறார்கள்?

ப: ஜோடி சேர்வதில் அதற்கு இருக்கும் ஒழுங்குக்காக. அதன் எழுத்துகளில் ‘ஏ’ என்றால் ‘டி’, ‘ஜி’ என்றால் ‘சி’. எந்த இழை எதோடு ஒட்டவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடலாம். இரட்டைச் சுருளின் தடிமன் 2 நானோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.5 ஜோடிகள். அளவு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால் கணக்குப் போட்டே கட்டலாம்.

கே: முதலில் யாருக்குத் தோன்றியது?

ப: நெட் சீமன் என்ற அமெரிக்கப் படிகவியலாளருக்கு. 1980-ல் ஆல்பனியில் ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஓவியர் எஷர் வரைந்த ‘ஆழம்’ என்ற ஓவியம் நினைவுக்கு வந்தது. அணி அணியாக நீந்தும் மீன்கள். தலை, வால், மேல், கீழ், இடம், வலம் என ஒவ்வொரு மீனும் அவருக்கு ஆறு கை நீட்டிய டி.என்.ஏ. சந்திப்பாகத் தெரிந்தது. அப்படி ஓர் அடுக்கு அமைத்தால், படிகமாக மறுக்கும் புரதங்களை அதற்குள் வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கலாம் என்று கணக்கிட்டார். 1991-ல் டி.என்.ஏ. கனசதுரம் வந்தது. அவர் வடிவமைத்த முப்பரிமாணப் படிகம் 2009-ல்தான் கைகூடியது. ஒரு யோசனையை ஏறக்குறைய முப்பது வருடம் விடாமல் பிடித்திருந்தார் என்பதுதான் எனக்கு அந்தப் படிகத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

கே: ‘டி.என்.ஏ. ஓரிகாமி’ என்கிறார்களே, மடிப்பது யார்?

ப: சூடும் குளிரும். எம்13 என்ற வைரஸின் நீண்ட ஒற்றை இழையை எடுத்துக்கொள்கிறார்கள்; ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். அதை அங்கங்கே இழுத்துப் பிடிக்க இருநூறுக்கும் அதிகமான குட்டி இழைகள். உப்புக் கரைசலில் கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டால் நினைத்த வடிவம் தானே மடிந்து வருகிறது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பால் ராத்முண்ட் என்ற ஆய்வாளர் 2006-ல் இப்படிச் சிரிக்கும் முகம் செய்தார். அகலம் சுமார் 100 நானோமீட்டர். அது தட்டை. மூன்றே வருடத்தில் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் மூடி போட்ட பெட்டியே செய்துவிட்டார்கள். 42 × 36 × 36 நானோமீட்டர். சரியான ‘சாவி’ இழை வந்தால்தான் மூடி திறக்கும்.

கே: அப்படியானால் உள்ளே மருந்தை வைத்துப் புற்றுநோய்க்கு அனுப்பலாமே?

ப: 2012-ல் ஹார்வர்டில் அப்படியொரு கூண்டு செய்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல்களை அடையாளம் கண்டு அது திறந்துகொண்டது. உடம்பு வேறு களம்: அங்கே டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் உண்டு. ‘நானோ ரோபோ சிகிச்சை’ என்று யாராவது இன்று பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

கே: பிளஸ் டூ மாணவி நான். இதில் இறங்கப் பெரிய ஆய்வகம் வேண்டுமா?

ப: செய்து பார்க்க ஆய்வகம் வேண்டும்; வடிவமைக்க அது தேவையில்லை. ‘கேட்நானோ’ என்ற மென்பொருள் இலவசம். இந்த விடுமுறையில் ஒரு சின்னப் பெட்டி வரைந்து பாருங்கள்.